“பயமில்லாதவங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க!” – வெளிநாட்டு மாணவர் நலன் குறித்த கலந்துரையாடலில் ஆற்றிய உரை

வெளிநாட்டு மாணவர் நலன் குறித்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதும் மாணவர் குழுவினருடன் நடந்த கலந்துரையாடலில், நமது மாணவர் அணி நிர்வாகி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



பேராசிரியப் பெருமக்களுக்கும், மாணவர் அணித் தம்பி தங்கைகளுக்கும், நேபாளம், வங்கதேசம், இலங்கை, சூடான், தான்சானியா என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்த மதிய வெயிலில் உட்கார்ந்திருக்கிற மாணவ நண்பர்களுக்கும் என் வணக்கம். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிற ஆள். பிடிக்க முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன். கூச்சப்படாதீங்க.

பல்கலைக்கழக நிர்வாகம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்களுக்கு இங்கே நல்ல அனுபவம் கிடைக்க என்ன செய்யலாம், மாணவர்களே சொல்லுங்கள் என்று. கேட்டார்களே, அதற்கே நன்றி சொல்லணும். பல இடங்களில் கேட்பதே இல்லை. நீங்களும் கூடி உட்கார்ந்து ஒரு வரைவு எழுதியிருக்கீங்க. 14 பக்கம். நேற்று ராத்திரி முழுசா படிச்சேன்.

முதல் பக்கத்தில் என்ன இருக்கு? கலாச்சார விழா. இரண்டாவது பக்கம், உணவுத் திருவிழா. அப்புறம் நட்புக் கழகம், பொங்கல் கொண்டாட்டம், மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா. எல்லாம் நல்ல விஷயம்தான், வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா இதெல்லாம் ஏற்கெனவே நடக்குதே! ஒவ்வொரு வருஷமும் வேட்டி கட்டிவிட்டு, சேலை கட்டிவிட்டு, பொங்கல் பானைக்கு முன்னால் நிற்கவைத்து ஃபோட்டோ எடுக்கிறோம். அந்த ஃபோட்டோ மறுநாள் பேப்பரில் வருது. அடுத்த வருஷச் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் வருது. நாக் குழு பார்வையிட வரும்போது ஃபைலில் வருது. ஆனா பொங்கல் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய், விடுதி மெஸ்ஸைப் பூட்டின நாலு நாளும் அந்தப் பிள்ளை எங்கே சாப்பிட்டதுன்னு எந்த ஃபைலிலும் இல்லை.

சரி. உங்கள் வரைவின் 14-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கீங்க. போனஃபைடு சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகிறது என்று சிலர் சொன்னார்கள், அப்படின்னு. அந்த வரிதான் முதல் பக்கத்துக்கு வரணும். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் இன்றைக்கு வந்தேன்.

நம்ம ஊர்ப் பிள்ளைக்கு போனஃபைடுன்னா என்ன? கல்விக் கடனுக்குக் கேட்பாங்க, ஸ்காலர்ஷிப்புக்குக் கேட்பாங்க. ஒரு வாரம் லேட்டானா எரிச்சல் வரும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. 180 நாளுக்கு மேல் தங்குகிற விசாவில் வருகிறவர் பொதுவாக, வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யணும். இப்போது அது இணையத்தில் நடக்கிறது. பாஸ்போர்ட், விசா, தங்குமிடச் சான்று இதோடு கல்லூரி தருகிற போனஃபைடும் வேணும். அதற்குப் பிறகு விசாவை நீட்டிக்கணும்னா மறுபடியும் அதே சான்றிதழ். கெடு தாண்டினால் அபராதம். அதையும் தாண்டினால் இந்த நாட்டில் இருப்பதே சட்டவிரோதம். நமக்கு அது ஒரு தாள். அவர்களுக்கு அதுதான் இங்கே காலூன்றி நிற்கிற தரை.

இப்போ யோசிங்க. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுறது யார்? துறைத் தலைவர், பதிவாளர் அலுவலகம். வருகைப் பதிவு யார் கையில்? அதே துறை. விடுதி அறை, மதிப்பெண், கட்டண பாக்கி? எல்லாம் அதே கட்டடத்துக்குள்ளேதான். காப்பாளர் மரியாதை இல்லாமல் பேசினார்னு ஒரு பிள்ளை புகார் எழுத நினைக்குதுன்னு வெச்சுக்குங்க. பேனாவை எடுக்கும்போதே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். ‘ஆறு மாசத்துல விசா நீட்டிக்கணும். இவங்ககிட்டதான் போய் நிற்கணும்.’ பேனாவை மூடி வெச்சிடும்.

கணக்கெடுப்புக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினீங்க. நல்ல முயற்சி. ஆனா அதில் முதல் இரண்டு கேள்வி என்ன? பெயர், பதிவு எண். இரண்டும் கட்டாயம்! பதிவு எண்ணை வாங்கி வெச்சுக்கிட்டு, மனசுல இருக்கிறதைத் தயங்காம சொல்லுன்னா யார் சொல்லுவா? எல்லாரும் ‘திருப்தி’ன்னு டிக் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. அந்த ‘திருப்தி’யை வரைவிலிருந்து எடுத்துடுங்க. அது அவங்க பயத்தோட கணக்கு.

இந்தப் பயம் நமக்குப் புரியாத விஷயம் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 2021-22-ல் இந்தியா முழுக்கப் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நேபாளத்துப் பிள்ளைகள். அதே 2022-ல் படிக்கப் போகிறோம் என்று சொல்லி இங்கிருந்து வெளிநாடு போன இந்தியர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அதாவது, வந்தவர்களைவிடப் போனவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். வாடகைக்கு வீடு கிடைக்காத கஷ்டமும், விசா அலுவலகத்து வரிசையும், ராத்திரி வேலை முடிஞ்சு பயந்துக்கிட்டு ரயில் ஏறுறதும் என்னன்னு நம்ம அண்ணன்மார், அக்காமார் ஃபோன்ல சொல்லிக் கேட்டிருக்கோம்.

மெல்போர்னில் என்ன நடந்ததுன்னு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2009. இந்திய மாணவர்கள் மேல் தொடர்ந்து தாக்குதல். ரயிலில், ரயில் நிலையத்தில், தெருவில். நம்ம டிவி சேனல்கள் எல்லாம் கொதிச்சது, சரியாத்தான் கொதிச்சது. அந்த ஊர் போலீஸ் தரப்பிலிருந்து முதலில் வந்த அறிவுரை என்ன தெரியுமா? பொது இடத்தில் உங்கள் மொழியில் சத்தமாகப் பேசாதீங்க, விலை உயர்ந்த பொருளை வெளியே காட்டாதீங்க. அடி வாங்கினவனுக்கே புத்திமதி! மே 31-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலமாக வந்து, ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அதே ஆண்டு ஆஸ்திரேலிய அரசு பல நாட்டு மாணவர்களைத் தலைநகர் கான்பெராவுக்கு வரவழைத்து வட்டமேசையில் உட்காரவைத்துக் கேட்டது. மாணவர்கள் எங்களுக்குக் கலாச்சார விழா வேணும்னு கேட்கலை. பாதுகாப்பு, தங்குமிடம், பயணச் சலுகை என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்களைக் கேட்டார்கள். விக்டோரியா மாநிலத்தில் உள்ளூர் மாணவனுக்கு ரயில் டிக்கெட்டில் சலுகை உண்டு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதே பாடம் படிக்கிற, அதைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டுகிற வெளிநாட்டு மாணவனுக்கு முழு டிக்கெட். 2010-ல் அந்த நாட்டு வெளிநாட்டு மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியப் பேரவையே தொடங்கிவிட்டார்கள். 2011-ல் தனியார் கல்வி நிறுவனங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களின் புகாரை விசாரிக்க, நிறுவனத்துக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பாளர் வந்தார். விக்டோரியாவில் வருடாந்திரப் பயண அட்டை பாதி விலைக்கு வந்தது 2015-ல். ஒரு டிக்கெட்டுக்கு ஆறு வருஷம்! ஆனா வந்தது. ஏன் வந்ததுன்னா, கேட்டது என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. கொடுத்தார்களா இல்லையான்னு யாரும் மழுப்ப முடியாது.

அங்கே அடி விழுந்த பிறகுதான் கேட்டார்கள். இங்கேயும் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் பெங்களூருவில் தான்சானியா மாணவி மீது கும்பல் தாக்குதல். 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் மீது. 2024 மார்ச்சில் அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழக விடுதியில், ரம்ஜான் மாதத் தொழுகையில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் மீது. மருத்துவமனைக்குப் போனவர்களில் இலங்கை மாணவரும் இருந்தார். அதற்கப்புறம் விடுதியை மாற்றுவது, காவலைக் கூட்டுவது என்று நடவடிக்கைகள் வந்தன. முன்னாடியே கேட்டிருக்கலாமே?

நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லைங்கன்னு சிலர் சொல்லுவாங்க. வந்தாரை வாழவைக்கும் தமிழகம்னு மேடையில நாமளும் ஆயிரம் தடவை சொல்றோம். சொல்லுவோம், அதில் உண்மையும் இருக்கு. ஆனா ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பிள்ளை ஷேர் ஆட்டோவில் ஏறினா உள்ளே என்ன பேச்சு ஓடுதுன்னு நமக்குத் தெரியாதா? நம்ம சினிமாவில் அவங்களை எதுக்குக் காட்டுறாங்க? ஒண்ணு போதை மருந்து விற்க, இல்லைன்னா சிரிப்பு மூட்ட. நம்மைக் கருப்புன்னு வடக்கே எவனாவது சொன்னா நாலு நாள் ட்ரெண்டிங் பண்றோம். அதே வார்த்தையை விடுதி வராண்டாவில் நாம சொல்லும்போது அது ‘ஜாலி’யாம். தமிழ் புரியாதுன்னு நினைக்காதீங்க. ரெண்டு மாசத்துல முதல்ல புரியுறதே அந்த வார்த்தைகள்தான். பின் வரிசையில சிரிக்கிறாங்க பாருங்க, அவங்களுக்குத் தெரியும்.

பரிந்துரைக்கு வருவோம். முதலில் சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்குங்க, அப்போதான் நாம கேட்கிறது சலுகை இல்லைன்னு புரியும். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே வெளிநாட்டு மாணவர் படிக்கிற ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேணும்னு எழுதியிருக்கு. அந்தக் கொள்கையோடு நமக்கு இருக்கிற சண்டையை வேறு மேடையில் வெச்சுக்குவோம். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்லுது. அலுவலகம் பல இடங்களில் இருக்கத்தான் செய்யுது. போர்டு இருக்கு, ஒரு உதவிப் பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருக்காங்க, அவருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பும் இருக்கு. அவர் பாவம் என்ன செய்வார்?

அடுத்தது 2023-ல் மானியக் குழு கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை. இதை அவசியம் படிங்க. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு வேணும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அறிக்கை தரணும். நல்ல விதி. ஆனா மாணவர் பிரதிநிதி? ஒரே ஒருத்தர். அவரும் சிறப்பு அழைப்பாளர். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்காரவைத்துப் பன்னீர் தெளிப்பாங்களே, அது மாதிரி. அந்த ஒருத்தரையும் தேர்தல் வைத்து எடுப்பதில்லை; படிப்பு, விளையாட்டு மாதிரி விஷயங்களில் சிறந்து விளங்குகிறவரை நிர்வாகம் நியமிக்கும். போன மாசம் வந்து இறங்கி, ஊர் பெயரையே இன்னும் சரியாச் சொல்ல வராத பிள்ளை அந்த நாற்காலிக்கு எப்போ போய்ச் சேரும்?

அதனால நீங்க கேட்க வேண்டியது இது. வெளிநாட்டு மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அந்த ஆலோசனைக் குழுவில் இருக்கணும். வாக்குரிமையோடு இருக்கணும். குழு எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு பரிந்துரைக்கும் நிர்வாகம் இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். முடியும்னா முடியும், முடியாதுன்னா ஏன் முடியாது. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு ஒரு பதில் உண்டே, அது பதிலே இல்லைன்னு இப்பவே எழுதி வாங்கிடுங்க.

போனஃபைடுக்கு மூன்று வேலை நாள் கெடு கேளுங்க. துறை வழியாகச் சுற்றாமல் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே நேரடியாகத் தரட்டும். அதைவிட முக்கியமா, கட்டண பாக்கியைக் காரணம் காட்டி இந்தச் சான்றிதழை நிறுத்தக் கூடாது. ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது அங்கே வங்கிகள் மூடின. 2022-ல் இலங்கையில் டாலர் தட்டுப்பாடு. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது. பிள்ளைக்குப் பணம் அனுப்புற அப்பாவும் அங்கேதான் இருக்கிறார், அவர் உயிரோடு இருக்காரான்னே இந்தப் பிள்ளைக்குத் தெரியலை. மாணவர் விசாவில் இருக்கிறவர் இங்கே வெளியில் வேலைக்கும் போக முடியாது. அந்த நேரத்தில் போய், பாக்கியைக் கட்டிட்டு சான்றிதழை வாங்கிக்கோன்னு சொன்னா, அது ரெண்டாவது குண்டு. நாடு நெருக்கடியில் இருந்தால் கட்டணத்துக்குத் தவணை, விசாவுக்குக் கடிதம், இரண்டும் கேட்காமலே நடக்கிற மாதிரி ஒரு விதி எழுதச் சொல்லுங்க. உக்ரைனில் 2022-ல் நம்ம பிள்ளைகள் பதுங்கு குழியில் கிடந்தபோது, அவங்க கல்லூரி இப்படிக் கருணையோடு நடந்துக்கணும்னுதானே நாம எல்லாம் வேண்டிக்கிட்டோம்?

தங்குமிடம் பற்றி நீங்க எழுதியிருக்கிறது சரி, ஆனா காரணத்தைப் பாதிதான் எழுதியிருக்கீங்க. வெளியில் வீடு கிடைக்காததற்கு அசைவம், தோல் நிறம் எல்லாம் காரணம்தான். இன்னொன்றும் இருக்கு. வெளிநாட்டவருக்கு இடம் கொடுக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதியணும். முன்னாடி அதை ஃபார்ம் சின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்காரம்மாவுக்கு அது என்னன்னே தெரியாது. போலீஸ் சமாச்சாரம்னு பயந்து, ‘வேண்டாம்பா, நீ வேற இடம் பாரு’ன்னு அனுப்பிடுவாங்க. பல்கலைக்கழகம் ஒரு ஊழியரை வைத்து, வீட்டு உரிமையாளருக்கு அதைப் பதிந்து கொடுத்தால் பாதிக் கதவு திறக்கும். செலவு? ஒரு கணினி, ஒரு நாற்காலி.

மற்றதைச் சுருக்கமாச் சொல்லிடறேன். விடுமுறையிலும் ஒரு மெஸ்ஸாவது திறந்திருக்கணும். புயல் எச்சரிக்கை, தேர்வு தள்ளிவைப்பு, தண்ணீர் வராதுங்கிற அறிவிப்பு எல்லாம் தமிழோடு ஆங்கிலத்திலும் வரணும். தமிழை எடுங்கன்னு யாரும் சொல்லலை, கூடவே இன்னொன்றும் போடுங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்ற அந்த இரண்டு நாளை நினைச்சுப் பாருங்க. நமக்கே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை. அப்புறம் சிம் கார்டு, வங்கிக் கணக்கு. டீக்கடையில் கூட க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிற ஊர் இது. கணக்கு திறக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை சில்லறையை வெச்சுக்கிட்டு நிற்கும். முதல் வாரத்திலேயே வங்கிக்காரர்களை வளாகத்துக்கு வரவழைங்க. தமிழ் வகுப்பும் வைங்க. இலக்கணம் வேண்டாம், பஸ் கண்டக்டர்கிட்டயும் மெடிக்கல் ஷாப்லயும் பேசுற தமிழ் போதும்.

நான் படிச்ச காலத்துல எங்க விடுதியில கென்யாவிலிருந்து வந்த ஒரு அண்ணன் இருந்தார். மெஸ் குழம்பில் புழு கிடந்ததுன்னு நாங்க எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு காப்பாளர் அறைக்குப் போனோம். அவர் மட்டும் வரலை. எங்களுக்குக் கோபம். அன்னைக்கு ராத்திரி அவர் சொன்னார், “உங்களை சஸ்பெண்ட் பண்ணினா நீங்க வீட்டுக்குப் போவீங்க. நானும் வீட்டுக்குப் போவேன், ஆனா திரும்பி வர முடியாது.” அவர் அந்தச் சோற்றைத் தினமும் எங்களோடு சேர்ந்துதான் சாப்பிட்டார்.

அதனால இந்த அறிக்கையில் கையெழுத்து விஷயத்தில் மட்டும் கவனமா இருங்க. வெளிநாட்டு மாணவர்கள் சொன்னதை எழுதுங்க, பேர் போடாதீங்க, நாடு போடாதீங்க. ஒரு நாட்டிலிருந்து இரண்டே பேர் படிக்கிற இடத்தில் நாட்டைப் போட்டா பேரைப் போட்ட மாதிரிதான். கையெழுத்துப் பக்கத்தில் முதல் ஐம்பது பேர் நம்ம ஊர்ப் பிள்ளைகளா இருக்கணும். விசா பயம் இல்லாதவங்க, இந்த மண்ணில் பிறந்தவங்க, நீங்க முதல்ல போடுங்க. அவங்க விருப்பப்பட்டா பின்னாடி போடட்டும், கட்டாயப்படுத்தாதீங்க. கூகுள் ஃபார்மை மறுபடியும் அனுப்புங்க, பேர், பதிவு எண் இரண்டையும் எடுத்துட்டு.

அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடிச்சு, துணைவேந்தர் அலுவலகத்தில் நேரில் கொடுங்க. தபால் பிரிவில் முத்திரை வைத்த ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீங்க. அந்தத் தேதியிலிருந்துதான் நாள் கணக்கு ஆரம்பம். பதிலுக்கு ஒரு மாசம் பார்ப்போம், வரலைன்னா ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கு நகல் அனுப்புவோம். அந்த முகவரிகளை எடுத்துத் தர்ற வேலையை நம்ம மாணவர் அணி பார்த்துக்கும்.

இப்போ மைக்கை முதல்ல பின் வரிசைக்குக் கொடுங்க தம்பி. அவங்க பேசுறதை யாரும் வீடியோ எடுக்க வேண்டாம், ஃபோனை எல்லாம் உள்ளே வைங்க.